திருச்செந்தூரில் நீங்கள் எடுத்த படம்

அன்புள்ள அப்பாவுக்கு,

பெங்களூரிலிருந்து முத்துச்செல்வி எழுதுவது. நான் நலம், கண்தான் ஓயாமல் எரிகிறது. நீங்களும் அம்மாவும் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? போனில் கேட்டால் பேச்சை மாற்றி அம்மாவிடம் கொடுத்துவிடுவீர்கள் என்றுதான் இதை எழுதுகிறேன்.

என் வேலை உங்களுக்குத் தெரியும். மங்கலான படங்களைக் கம்ப்யூட்டர் தெளிவாக்கும். சரியாக வந்திருக்கிறதா என்று பார்த்து நான் மார்க் போட வேண்டும். நாள் முழுக்க யார் யாரோ முகங்கள். சலித்துப்போய், திருச்செந்தூர் கடற்கரையில் நீங்கள் அம்மாவை எடுத்தனுப்பிய படத்தை அதில் போட்டேன். டீம் லீடர், "ஆபீஸ் மெஷின்ல வீட்டுப் படமா?" என்று சத்தம் போட்டார். பிறகு அவரே, "நீ அம்மா சாயல்தான்" என்றார்.

படம் ஏன் மங்கலாக இருக்கிறது என்று அன்று கேட்டதற்கு, "ஏளா, உங்கம்மை ஒரு எடத்துல நிக்காளா?" என்றீர்கள்.

அம்மா அசைந்தால் அம்மா மட்டும்தான் மங்குவாள், அப்பா. பின்னால் இருக்கிற கோபுரம் அசையுமா? அதுவும் சேர்ந்தே மங்கியிருக்கிறது. படம் எடுத்த கை போன வழியைக் கம்ப்யூட்டர் கோடாகக் காட்டியது. கை முன்னும் பின்னுமாக நடுங்கியிருக்கிறது.

எத்தனை நாளாக இப்படி? தம்பியைக் கூட்டிக்கொண்டு திருநெல்வேலியில் டாக்டரிடம் காட்டுங்கள். அம்மாவிடம் நான் சொல்லவில்லை.

கருப்பட்டி தீர்ந்துவிட்டது, கொஞ்சம் அனுப்புங்கள். அம்மாவை இன்னொரு படமும் எடுத்து அனுப்புங்கள். தம்பியிடம் கொடுக்காமல் நீங்களே எடுங்கள். அது நன்றாக வர வேண்டாம். உங்கள் கை எப்படியிருக்கிறது என்று நான் பார்த்துக்கொள்வேன்.

இடைவேளை முடிந்துவிட்டது, கூப்பிடுகிறார்கள்.

உங்கள் மகள்,
முத்துச்செல்வி