மடிப்பில் ஒட்டிய மை

அக்டோபர் 7, செவ்வாய்

பள்ளிக்கூடத்துக்கு நான்கு ரப்பர் ஸ்டாம்பு, ஒரு டாக்டருக்கு ஒன்று. டாக்டர் பெயரில் ஓர் எழுத்தை விழுங்கிவிட்டேன், மறுபடி வெட்ட வேண்டியதாயிற்று. ஞாயிற்றுக்கிழமை ஓட்டுப் பதிவு முடிந்ததிலிருந்து வேலையில் புத்தி நிற்கவில்லை. வார்டு மெம்பர் பதவிதானே, மந்திரி பதவியா என்று வீட்டுக்காரர் கிண்டல் செய்கிறார். செய்யட்டும். பதினைந்து வருஷமாக ஊரில் உள்ளவர்களின் பதவிக்கெல்லாம் நான்தான் ஸ்டாம்பு வெட்டிக் கொடுத்திருக்கிறேன். ஒரு தடவையாவது என் பெயருக்குக் கீழே ஒரு பதவியை வெட்டிப் பார்க்க வேண்டும்.

எதிரே நிற்பவர் மருந்துக்கடைக்காரர். அவர் சின்னம் பூட்டு, என் சின்னம் ஏணி. நாளை மறுநாள் எண்ணிக்கை.

அக்டோபர் 9, வியாழன்

ஆறு ஓட்டு. ஆறே ஆறு. அவருக்கு 412, எனக்கு 406.

செல்லாதவை என்று ஒதுக்கியது மட்டும் இருபத்தொன்பது! எண்ண உட்கார்ந்தவர் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார். தாளில் இடப்பக்கம் பூட்டு, வலப்பக்கம் ஏணி, நடுவில் மடிப்பு. மை காய்வதற்குள் மடித்தால் ஒரு பக்கத்து முத்திரை மறுபக்கத்திலும் ஒட்டிக்கொள்ளும். இது எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? நிஜமும் நிழலும் இரண்டும் தாளில் இருக்க, அவர் பாட்டுக்கு எடுத்து ஒதுக்கிக்கொண்டே போகிறார்.

"சார், அது மடிப்புல ஒட்டின மை. ஏணியில இருக்கறதுதான் நிஜ முத்திரை. எனக்கு நல்லாத் தெரியுது."

"ரெண்டு குறி இருந்தா செல்லாதும்மா. எங்களுக்கு அப்படித்தான் சொல்லியிருக்காங்க."

ஐந்து தடவை சொன்னேன். ஐந்து தடவையும் அதே பதில், அதே குரல். ஆறாவது தாளையும் அவர் பெட்டிக்குள் வைக்கக் கையை நீட்டினார். பெட்டியின் இரும்பு மூடியை இரண்டு கையாலும் பிடித்து ஓங்கி அடித்தேன். சத்தம் கேட்டது. மூடியின் சத்தம் இல்லை.

அப்புறம் எல்லாம் ஒரே களேபரம். மருந்துக்கடைக்காரரின் மருமகன் என் தலைமுடியைப் பிடித்து இழுத்தான். எனக்கு ஏஜெண்டாக வந்திருந்த தம்பி அவன் வயிற்றில் உதைத்தான். யாரோ நாற்காலியால் தம்பியின் வாயில் அடித்தார்கள். முன்பல் இரண்டும் போய்விட்டன. வாத்தியார் மட்டும் கத்தவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்திருந்தார். இரண்டு விரல் உடைந்ததாம்.

போலீஸ் கேட்டபோது மூடி நழுவி விழுந்தது என்று சொன்னேன். தம்பியும் அதையே சொன்னான்.

அக்டோபர் 10, வெள்ளி

பட்டப்பகலில் கடையை நொறுக்கிவிட்டார்கள். மருமகனும் இன்னும் நாலு பேரும், கையில் இரும்புக் கம்பி. இழுப்பறையை அப்படியே தெருவில் கவிழ்த்தார்கள். தடுக்கப் போன வீட்டுக்காரருக்கு நெற்றியில் ஏழு தையல். பக்கத்துக் கடைக்காரர்கள் ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்துகொண்டார்கள். நேற்றுவரை அக்கா அக்கா என்று குழைந்தவர்கள்!

வீட்டுக்காரரின் சட்டையைத் துவைத்தேன், ரத்தம் போகவில்லை. இவர்களை விடமாட்டேன்.

அக்டோபர் 13, திங்கள்

மறு எண்ணிக்கைக்கு மனு கொடுக்க இன்றுதான் கடைசி நாள். "மோசடி நடந்தது" என்று எழுதிக்கொண்டு போனேன். தேர்தல் அதிகாரியம்மா படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"மோசடின்னா நீங்க கோர்ட்டுக்குப் போகணும். இங்க எழுதவேண்டியது, நீங்க கண்ணால என்ன பாத்தீங்கன்னு."

அங்கேயே நின்று மாற்றி எழுதினேன். இருபத்தொன்பது தாள்கள், மடிப்பில் ஒட்டிய மை, திரும்பப் பார்க்க வேண்டும். ஏற்றுக்கொண்டார். அடுத்த திங்கட்கிழமை மறு எண்ணிக்கை. அது போக, தணிக்கை என்று ஒன்று தனியாக இருக்கிறதாம். அதுவும் இதுவும் ஒன்றுதானே என்று கேட்டேன்.

"இல்லம்மா. மறு எண்ணிக்கை நீங்க கேட்டா நடக்கும். தணிக்கை யாரும் கேக்காமலே நடக்கும். சீட்டுக் குலுக்கிப் போட்டு மூணு சாவடியை எடுப்போம். ஓட்டுப் போட்டவங்க கையெழுத்து எத்தனை, தாள் எத்தனை, எண்ணினவர் எழுதினது எத்தனைன்னு ஒத்துப் பாப்போம். யார் ஜெயிச்சான்னு பாக்கறது இல்ல, எண்ணின விதம் சரியான்னு பாக்கறது."

சரி, எதையாவது பார்த்துத் தொலையட்டும். எனக்கு அந்த இருபத்தொன்பது போதும்.

அக்டோபர் 16, வியாழன்

தம்பி மருமகனின் பைக்கை நடுத்தெருவில் வைத்துக் கொளுத்திவிட்டான். கரும்புகை என் கடை வாசலிலிருந்தே தெரிந்தது. அணைக்க ஓடிவந்த மருமகனுக்கு முழங்கை வரை தீப்புண்ணாம். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எழுதக் கூசுகிறது, ஆனால் இருந்தது.

 வீட்டுக்காரர் சாப்பிட்ட தட்டைக்கூடக் கழுவாமல் எழுந்து போய்விட்டார்.

அக்டோபர் 20, திங்கள்

எப்படி எழுதுவது?

தேர்தல் அலுவலக வாசலில் போலீஸ். உள்ளே மேஜைக்கு ஒரு பக்கம் நானும் தம்பியும், மறுபக்கம் மருந்துக்கடைக்காரர். முதலில் மற்ற தாள்களை எண்ணினார்கள். 412, 406. ஒன்றுகூட மாறவில்லை. பிறகு அந்த இருபத்தொன்பது. அதிகாரியம்மா முதல் தாளை விரித்து வைத்தார்.

"ஒட்டின மைன்னா கொக்கி திரும்பியிருக்கும். பாத்துச் சொல்லுங்க. உங்க தொழிலாச்சே."

சாவடியில் கொடுத்த முத்திரை ஒரு வட்டம், உள்ளே ஒரு கொக்கி. ஏணியின் மேலும் கொக்கி, பூட்டின் மேலும் கொக்கி. ஏணி மேல் இருந்ததுதான் என் கண்ணுக்குச் சரியாகத் தெரிந்தது. அன்றைக்குத் தெரிந்த மாதிரியே. ஏணி என்று சொல்ல வாயைத் திறந்தேன். மருந்துக்கடைக்காரர் நம்பாத மாதிரி பார்த்தார். அவருக்கு நிரூபிக்கத்தான் அந்த முத்திரையைக் கேட்டு வாங்கினேன். ஒரு வெள்ளைத் தாளில் குத்தி, பக்கத்தில் வைத்தேன்.

வெள்ளைத் தாளில் கொக்கி வலது பக்கம் திரும்பியிருந்தது. ஏணி மேல் இருந்த கொக்கி இடது பக்கம்.

கையில் இருந்த முத்திரையைத் திருப்பி ரப்பரைப் பார்த்தேன். அதில் இடது பக்கம்! பதினைந்து வருஷமாகத் தினமும் நான் பார்ப்பது ரப்பரைத்தானே? எழுத்து இடம் வலம் மாறி இருந்தால்தான் என் கண்ணுக்கு நேர். நேராக இருந்தால் தப்பாக வெட்டிவிட்டேன் என்று தூக்கி எறிவேன். அந்தக் கண்ணை வைத்துக்கொண்டுதான் அன்றைக்கு அத்தனை உறுதியாகக் கத்தினேன். கத்தினது மட்டுமா.

"பூட்டு," என்றேன்.

"அக்கா! என்ன உளர்ற?"

"பூட்டுதான்டா. நீயே பாரு."

அவன் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். பூட்டு இருபது, ஏணி எட்டு. ஒன்று மட்டும் யாருக்கும் புரியாத அளவுக்கு மை கலைந்திருந்தது. 432க்கு 414. தோற்றது இப்போது பதினெட்டு ஓட்டில். வாத்தியார் அவற்றை ஒதுக்கியதால் நஷ்டப்பட்டது மருந்துக்கடைக்காரர், நானில்லை. நான் அவர் விரலை உடைத்தது, எனக்கு லாபமாக இருந்த ஒரு காரியத்துக்காக.

வெளியே வந்ததும் தம்பி என்னை அறைந்தான். காது இன்னும் ரீங்கரிக்கிறது.

"உனக்காகப் பல்லு போச்சு. வண்டியக் கொளுத்தினேன். ஏணின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன? உன்னை மீறி யாரு பேசியிருப்பாங்க?"

பேசியிருக்க மாட்டார்கள்தான். வெளியே காத்திருந்த வீட்டுக்காரர் அவன் சட்டையைப் பிடித்துச் சுவரில் மோதினார். மறுபடி ரத்தம். விடுங்க, விடுங்க என்று நான் கத்தியதை நாலு போலீஸ்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

அக்டோபர் 21, செவ்வாய்

கடை திறக்கவில்லை. தம்பி போனை எடுக்கவில்லை.

அக்டோபர் 24, வெள்ளி

தணிக்கையில் சீட்டுக் குலுக்கி எடுத்த மூன்று சாவடிகளில் எங்களுடையதும் ஒன்று. முடிவைத் தேர்தல் அலுவலக வாசலில் ஒட்டியிருந்தார்கள். வாத்தியார் எழுதிய கணக்கில் ஓர் எண்கூடப் பிசகவில்லை. குறை அவருக்குக் கொடுத்த அறிவுறுத்தல் தாளில்தானாம். மடிப்பில் ஒட்டும் மையைப் பற்றிய வரியே அதில் விட்டுப்போயிருக்கிறது. மருந்துக்கடைக்காரர் என்னைக் கடந்துதான் போனார், ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

அக்டோபர் 27, திங்கள்

வாத்தியார் வீட்டுக்குப் போனேன். என்ன சொல்வது என்று வழி முழுக்க யோசித்து வைத்திருந்தேன். கதவை அவரே திறந்தார். என்னைப் பார்த்ததும் கட்டுப் போட்ட கையைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். ஒரு அடி பின்னால் போய்விட்டு, அப்புறம்தான் "என்னம்மா?" என்றார்.

 "ஒண்ணுமில்ல சார்" என்று திரும்பிவிட்டேன்.

அக்டோபர் 28, செவ்வாய்

காலையில் ஸ்டேஷனுக்குப் போய், மூடி நழுவவில்லை, நான்தான் அடித்தேன் என்று எழுதிக் கொடுத்தேன். ரைட்டர் இரண்டு முறை படித்துவிட்டு, "வக்கீலைக் கேட்டீங்களா? இதுல கையெழுத்துப் போட்டா ஜெயிலுக்குக்கூடப் போகவேண்டி வரும்மா" என்றார். தெரியும் என்றேன். போட்டேன்.