முழங்கால் வலி என்று சொல்லிவிட்டு மலை ஏறியது

அன்புள்ள வாலு,

நானும் அம்மாவும் இங்கே நலம். கொஞ்சம் கூடுதலாகவே நலம், இப்போது அதுதான் பிரச்சினை. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அங்கே நலமாக இருக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் எழுத உட்கார்ந்தேன். போனில் பேசலாம்தான், ஆனால் நான் வாயைத் திறந்ததுமே சரிப்பா, விடுப்பா, வேலை இருக்கு என்று நீ முடித்துவிடுகிறாய், அதற்கு மேல் எனக்கு நாக்கு எழுவதில்லை. கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது பார். கடையில் இன்று கூட்டமும் இல்லை, கண் பரிசோதனைக்கு வந்த ஒரே ஒருவரும் எழுத்தெல்லாம் நன்றாகத்தான் தெரிகிறது, கண்ணாடி வேண்டாம் என்று போய்விட்டார், அதனால் லென்ஸ் துடைக்கிற மேஜையிலேயே பேப்பரை விரித்துவிட்டேன்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன், அங்கொன்றும் இங்கொன்றுமாக யார் யாரோ சொல்லி நீ கேட்டது போதும். அம்மாவுடைய பள்ளிக்கூட ஸ்டாஃப் ரூமில் கோடை விடுமுறைக்கு மலைக்குப் போகத் திட்டம் போட்டார்கள். சும்மா போய் அறையில் படுத்துவிட்டு வருகிற மலை இல்லை, நடந்து நடந்து சாப்பிடுகிற மலை. காலையில் கிளம்பினால் முதல் குடிலில் சூப், அப்புறம் ஒரு ஏற்றம், ஏரிக்கரையில் மீன், அப்புறம் இன்னொரு ஏற்றம், மேலே இருக்கிற விடுதியில் இனிப்பு. நடக்காதவனுக்கு அடுத்த தட்டு கிடையாது. இதைக் கேட்டதும் எனக்கு ஆசை வந்துவிட்டது, அம்மாவுக்கு என்னைவிட அதிகமாக. ஆனால் உன்னிடம் எப்படிச் சொல்வது? போன கோடையில் நீ கிளம்பி வாங்க வாங்க என்று கெஞ்சியபோது, அப்பாவுக்கு முழங்கால் வலி, விமானத்தில் அவ்வளவு நேரம் காலை மடக்கி உட்கார முடியாது என்று சொன்னவர்கள் நாங்கள். இந்தக் கோடைக்கும் அதையேதான் சொல்லியிருந்தோம். அதே முழங்காலைத் தூக்கிக்கொண்டு மலை ஏறப் போகிறேன் என்று எந்த வாயால் சொல்வேன்? மேலே சிக்னல் கிடைக்காது என்று வேறு தெரிந்துவிட்டது. அதனால் அந்த ஞாயிற்றுக்கிழமை போனில் நான்தான், அம்மா இல்லை, நான்தான் அளந்துவிட்டேன். வலி அதிகமாகிவிட்டது, டாக்டர் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்கிறார், மாத்திரை போட்டால் தூக்கம் தூக்கமாக வருகிறது, போன் எடுக்காவிட்டால் பயப்படாதே என்றேன். அதோடு நிறுத்தித் தொலைத்திருக்கலாம். பாத்ரூம் போகக்கூட அம்மா பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது என்று ஒரு வரி சேர்த்தேன். பக்கத்தில் நின்ற அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். புளுகுவதற்கும் ஒரு அளவு வேண்டாமா என்று அவள் கேட்டாள், நான் சிரித்துவிட்டுப் பெட்டி கட்டப் போய்விட்டேன்.

மலையில் நாங்கள் சந்தோஷமாக இருந்தோம் வாலு. அதை மறைத்தால் இன்னொரு பொய் ஆகிவிடும். எங்களைக் கூட்டிப்போன பெண் கழுத்தில் ஒரு விசில் மாட்டியிருந்தாள், யாராவது பின்தங்கினால் ஊதுவாள், அதிகம் ஊதியது எனக்கு இல்லை, அம்மாவுடைய ஹெட்மாஸ்டருக்குத்தான். காட்டுக் காளானில் ஒரு சூப் கொடுத்தார்கள், கிண்ணத்தை வழித்துக் குடித்துவிட்டு இன்னும் கொஞ்சம் கிடைக்குமா என்று கேட்ட முதல் ஆள் உன் அப்பாதான். தட்டெல்லாம் நம் வீட்டு வாஷ்பேசின் அகலம், நடுவில் சாப்பாட்டைத் தேடித்தான் பிடிக்கவேண்டும், ஆனால் பிடித்துவிட்டால் அப்படி ஒரு ருசி. ஏரிக்கரையில் வெண்ணெயில் வாட்டிய மீனை வாயில் வைத்ததும் அம்மா பேச்சை நிறுத்திக் கண்ணை மூடிக்கொண்டாள், அவள் பேச்சு நடுவில் நின்று நான் பார்த்ததில்லை. ஏறும்போது மூச்சு வாங்கியது, கால் வலித்தது, ஆனால் அது நடந்தவனுக்கு வருகிற நல்ல வலி. அங்கே இருந்தபோது அப்பப்போ உன்னை நினைத்துக்கொண்டேன் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் நினைக்கவில்லை. சாப்பாட்டையும் அடுத்த ஏற்றத்தையும்தான் நினைத்தேன். நான் இரண்டாவது கிண்ணம் சூப் கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில் நீ என் போனுக்கும் அம்மா போனுக்கும் மாற்றி மாற்றி அடித்துப் பார்த்துவிட்டு, குட்டியை மாப்பிள்ளையிடம் விட்டுவிட்டு விமானம் ஏறியிருக்கிறாய்.

குறித்த நாளில் இறங்கியிருந்தாலாவது உன்னைப் பார்த்திருப்போம். கோடை மழை பிடித்துக்கொண்டு பாதையில் மண் சரிந்துவிட்டது, விடுதியிலேயே இருங்கள் என்று சொல்லிவிட்டார்கள், நாங்களும் ஆகா இன்னும் இரண்டு நாள் என்று குதித்தோம். கீழே இறங்கி பஸ்ஸில் ஏறினபிறகுதான் போனுக்கு உயிர் வந்தது, வந்ததும் அது நிற்காமல் அலறியது. நீ கூப்பிட்டது, எதிர் ஃபிளாட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பல் டாக்டரம்மா உங்க பொண்ணு வந்திருக்காங்க என்று அனுப்பியது, எல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாக. பின் சீட்டில் ஸ்டாஃப் ரூம் கூட்டம் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தது. நான் உன்னைக் கூப்பிட்டபோது நீ விமான நிலையத்தில் இருந்தாய். நல்லா இருக்கீங்களாப்பா என்று கேட்டாய், இருக்கேன்மா என்றேன், சரி கூப்பிடுறாங்க, ஏறணும் என்று வைத்துவிட்டாய். நீ ஒரு வார்த்தை கத்தியிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் சிங்க்கில் ஒரே ஒரு டம்ளர் கழுவிக் கவிழ்த்திருந்தது. டாக்டரம்மாதான் செடிக்குத் தண்ணீர் ஊற்ற வைத்திருந்த சாவியால் உனக்குத் திறந்துவிட்டாங்களாம். என் கட்டில் மேல் முழங்காலுக்குப் போடுகிற பட்டை, மடக்குகிற ஊன்றுகோல், வெந்நீர்ப் பை, பாத்ரூமில் வழுக்காமல் இருக்க ரப்பர் விரிப்பு, எல்லாவற்றையும் அடுக்கி வைத்திருந்தாய். விசிறி எறிந்துவிட்டுப் போயிருந்தால் என் மனசு கொஞ்சம் ஆறியிருக்கும். அம்மா நடைக்குப் போட்ட ஷூவைக்கூடக் கழற்றாமல் அந்தக் கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அடுத்த நாள் மாப்பிள்ளையைக் கூப்பிட்டேன். நல்ல மனுஷன், ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. குட்டிதான் போனைப் பிடுங்கி, தாத்தா கால் சரியாயிடுச்சா, அம்மா லீவெல்லாம் தீர்ந்துபோச்சு, நாங்க கடலுக்குப் போகல, பரவால்ல என்றது. அந்தப் பரவால்லதான் இன்னும் காதில் கிடக்கிறது.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நாங்கள் உன் வீட்டுக்கு வராததற்குக் காரணம் முழங்கால் இல்லை. படி இறங்கும்போது கடக் என்று ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். கடைசியாக அங்கே வந்திருந்தபோது நீ எங்களுக்காக ஒவ்வொரு சுவிட்சுக்கும் பேப்பர் ஒட்டி வைத்தாய், மதியச் சாப்பாட்டை டப்பாவில் போட்டு எதை எப்போது சூடாக்கணும் என்று எழுதிவைத்தாய், அப்புறம் நீங்கள் மூன்று பேரும் கிளம்பிவிடுவீர்கள். நாங்கள் இருவரும் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்கள் மாதிரி சோபாவில் உட்கார்ந்திருப்போம். ஒரு நாள் அம்மா துணியெல்லாம் மடித்து வைத்தாள், உங்களை யாரும்மா வேலை செய்யச் சொன்னது, ரெஸ்ட் எடுங்க என்று நீ சொன்னாய். பாசத்தில் சொன்னதுதான், எங்களுக்குத் தெரியாதா. ஆனால் அதற்கப்புறம் அவள் எதையும் தொடவில்லை. திரும்பி வரும்போது அவள் என்னிடம், அவளுக்கு ஒரு குழந்தை போதும், நாமும் போய் அதை மூணாக்க வேண்டாம் என்றாள். உன்னிடமே கேட்டிருக்கலாம், நாங்கள் வருவது உனக்குக் கஷ்டமா என்று. கேட்க வெட்கமாக இருந்தது, ஆமாம் என்று சொல்லிவிடுவாயோ என்று பயமாகவும் இருந்தது. முழங்கால் என்றால் யாருக்கும் மனசு நோகாதே என்று அதைப் பிடித்துக்கொண்டோம்.

நேற்று டாக்டரம்மா கண்ணாடியின் மூக்குப் பிடியைச் சரிசெய்யக் கடைக்கு வந்தாங்க. நான் திருகாணியை முடுக்கிக்கொண்டே, என் பொண்ணு எங்களைத் திட்டித் தீர்த்திருப்பாளே என்று கேட்டேன். திட்டவே இல்லை என்றாங்க. மலைக்குப் போயிருக்காங்க என்று சொன்னதும் அப்பா நடக்கிறாரா என்று கேட்டாயாம். நடக்கிறதென்ன, ஏறவே போயிருக்கார் என்றதும் அப்படியே செருப்பு ஸ்டாண்ட் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து சிரித்தாயாம், அப்புறம் அழுதாயாம், வழியெல்லாம் அப்பாவைப் பாக்கக் குடுத்துவைக்காமப் போயிடுமோன்னு நினைச்சுக்கிட்டே வந்தேன் என்று. அது எல்லாம் ஆனபிறகுதான் சாப்பிட ஏதாவது இருக்குமா, கிளம்பினதிலிருந்து ஒண்ணும் சாப்பிடல என்று அவங்களைக் கேட்டாயாம். என் கையிலிருந்து திருகாணி விழுந்துவிட்டது. அதைத் தேடுகிற சாக்கில் மேஜைக்கு அடியில் குனிந்தவன் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்துவிட்டேன்.

மன்னித்துவிடு என்று ஒரு வார்த்தையில் எழுதினால் தீராது, ஆனாலும் எழுதுகிறேன், மன்னித்துவிடும்மா. குட்டிக்கு அடுத்த விடுமுறை வரும்போது நாங்கள் அங்கே வரலாமா? நீ லீவு போடவேண்டாம், குட்டியைக் கடலுக்கு நாங்கள் கூட்டிப்போகிறோம், எந்த பஸ் என்று மட்டும் சொல்லிக்கொடு. துணியும் மடிப்போம், நீ ஒன்றும் சொல்லக் கூடாது. எங்களை வைத்துச் சமாளிப்பது உனக்குக் கஷ்டம் என்றால் கஷ்டம் என்றே எழுது, எங்களை மாதிரி நீயும் ஒரு முழங்காலைத் தேடாதே.

நீங்கள் மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல் மனசு நிறைய நன்றாக இருக்கவேண்டும், அம்மாவும் அதையே சொல்லச் சொன்னாள். டாக்டரம்மா நம்பரை உறையின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன், போனில் பதிந்து வைத்துக்கொள். இன்னொன்று, மறக்காதே. இனி யாருக்கு என்ன என்று செய்தி வந்தாலும், எனக்கே என்றாலும், வயிற்றுக்கு ஏதாவது போட்டுக்கொண்டு கிளம்பு.

உன் அப்பா