மிதவைக்கு நேராக

10 ஜனவரி 1954

ராயபுரம் கரையிலிருந்து மிதவை வரை முந்நூறு கஜம். இன்று ஆறு நிமிஷம் இருபது விநாடி. ஆறு நிமிஷத்துக்குள் தொட வேண்டும். மார்ச் இருபது நீச்சல் பரீட்சை. ஏப்ரலில் எனக்கு நாற்பத்தைந்து. அதற்குமேல் துறைமுக லாஞ்ச் படகு மேற்பார்வையாளர் வேலைக்கு மனுப் போட முடியாது. பி.ஏ. படித்தவன் கிடங்கில் முத்திரை குத்தியே சாக வேண்டியதுதான்.

கடிகாரம் பிடிக்கப் போகிறவன் கோதண்டம். எட்டு வருஷத்துக்கு முன் இதே பரீட்சையில் மிதவையைத் தெற்கே நகர்த்தி வைத்து என்னைத் தோற்கடித்தவன். அவன்மேல் புகார் மனு எழுதினேன். நிரூபிக்க முடியவில்லை. விசாரணையால் அவனுடைய பதவி உயர்வு இரண்டு வருஷம் நின்றது. அது எனக்குப் போதவில்லை.

17 ஜனவரி

என் கைக்கடிகாரத்தோடு மிதவையருகே கட்டுமரத்தில் காத்திருப்பவன் ராமதாஸ், பக்கத்துக் குப்பத்து மீனவன். திரும்பி வருவது அவன் மரத்தில்தான். இன்று கேட்டான்: "இன்னா சார், தண்ணிய அந்த அறை அறையறே? உனுக்கு இன்னா பண்ணிச்சு அது?"

உண்மைதான். உள்ளங்கை தட்டையாக விழுகிறது. யார் கன்னத்தை நினைத்துக்கொண்டு நீந்துகிறேன் என்று எனக்குத் தெரியாதா?

31 ஜனவரி

விரல் நுனி, மணிக்கட்டு, பிறகு முழங்கை. இந்த வரிசையில் கை நீருக்குள் நுழைகிறது. சத்தமே இல்லை. ஆறு நிமிஷம் இரண்டு.

14 பிப்ரவரி

ஐந்து ஐம்பத்தாறு! நூல் பிடித்தாற்போல் நேராகப் போனேன். வீட்டில் மனைவி புஷ்பவல்லியிடம் சொன்னேன். "மொதல்ல தலைய தொவட்டுங்க" என்றாள்.

28 பிப்ரவரி

தலையைத் தூக்கிப் பார்த்தால் மிதவை எனக்கு வலப்பக்கம், முப்பது கஜம் தெற்கே! தொடுவதற்குள் ஏழு நிமிஷம். எட்டு வருஷத்துக்கு முன் பார்த்த அதே காட்சி. நகர்த்திவிட்டான். பாவி, மறுபடியும் நகர்த்திட்டான்!

1 மார்ச்

மனு தயார். இரண்டு பக்கம். சாட்சிக்கு ராமதாஸின் கைநாட்டு மட்டும் வேண்டும்.

2 மார்ச்

ராமதாஸ் சிரித்தான்.

"மெதவை அங்கியேதான் கீது சார். நங்கூரம் போட்டதே நான். தண்ணிதான் திரும்பிகிச்சு. தை வரைக்கும் தெக்க ஓடும், மாசில வடக்க. வருசா வருசம் இப்டித்தான்."

"அப்படியானால் ஜனவரியில் நான் எப்படி நேராகப் போனேன்?"

"நீ எப்பவும் வடக்கதான் போவே. தண்ணி உன்ன தெக்க இட்டாந்துச்சு. ரெண்டு பேரும் சண்ட போட்டுகினு நேரா போனீங்க. இப்ப ரெண்டு பேரும் ஒரே பக்கம்."

மனுவை மடித்துப் பையில் வைத்தேன். படிக்காதவன் பேச்சு. நம்பவில்லை.

7 மார்ச்

துறைமுகத் தடுப்புச் சுவருக்குள் அசையாத தண்ணீர். "கண்ண மூடிகினு இருபது கை போடு" என்றான் ராமதாஸ். போட்டேன். கண் திறந்தால் இடப்பக்கச் சுவர் மூக்குக்கு முன்னால். மறுபடியும் போட்டேன். மறுபடியும் அதே சுவர்.

மூச்சுக்கு இடப்புறம் முகம் திருப்பும்போதெல்லாம் என் வலது கை தலையைத் தாண்டி உள்ளே விழுகிறது.

8 மார்ச்

அந்தப் பரீட்சை நடந்ததும் மார்ச் மாதத்தில்தான்.

14 மார்ச்

வலது கையைத் தோளுக்கு நேராகப் போட்டால் எங்கோ வெளியே விரித்துப் போடுவதுபோல் இருக்கிறது. "இப்பதான் நேரா கீது" என்கிறான் ராமதாஸ். நேராக இருப்பது எனக்குக் கோணலாகப் படுகிறது — எத்தனை வருஷமாக?

20 மார்ச்

ஐந்து நிமிஷம் ஐம்பத்தேழு.

கோதண்டம் மூன்று நான்கு விநாடி கூட்டி எழுதியிருக்கலாம். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அப்படியே எழுதினான். துண்டை நீட்டினான்.

"கைய நேராக்கிட்டே போல கீதே. அன்னிக்கே சொல்ல வந்தேன், சுயம்பு. நீ மூஞ்சி குடுத்தே பேசல."

துண்டை வாங்கிக்கொண்டேன்.

22 மார்ச்

எட்டு வருஷத்துக்கு முந்தைய மனுவின் நகலை எடுத்துக்கொண்டு கோதண்டத்தின் அறைக்குப் போனேன். மேஜைமேல் வைத்தேன்.

"இப்ப இன்னாத்துக்கு இது?"

"மிதவை நகரவில்லை. தப்பு என் கைமேல்." இந்த வேலைக்காக, கப்பலில் பேசுவதற்கென்று கற்ற இங்கிலீஷெல்லாம் இருந்தும் இவ்வளவுதான் வந்தது.

கடைசி வரி வரை படித்தான்.

"ரெண்டு வருசம், சுயம்பு" என்றான்.

உட்காரச் சொல்லவில்லை. போகவும் சொல்லவில்லை. நின்றுகொண்டிருந்தேன்.