கோபுரத்தில் உன்னைப் படம் எடுத்தது யார்?

பஃபலோ ரோடு,
சிங்கப்பூர்.
8-3-1965

அன்பு மகன் தங்கராஜுவுக்கு அம்மா ஆசீர்வதித்து எழுதுவது. காளியம்மன் புண்ணியத்தில் இங்கே நான் சுகம். ஜப்பானில், அந்தக் கோபேயில் உன் உடம்பும் மனசும் எப்படி என்று ஒளிக்காமல் எழுது.

கப்பல் பட்டறைப் பயிற்சி முடிய இன்னும் ஆறு மாதம் என்கிறாய், சரி. ஆனால் பட்டறைக்கு இரண்டு வரி, துறைமுகத்துக் கோபுரத்துக்கு இரண்டு பக்கம். உடுக்கை மாதிரி இடை சிறுத்தது, மேலே ஏறினால் கப்பலெல்லாம் தீப்பெட்டியாகத் தெரியும் என்று நாலு கடிதத்தில் எழுதிவிட்டாய். தினம் பார்க்கிற கப்பலை ஏறிப்போய் வேறு பார்ப்பானேன்? இப்போது மேலே நின்று எடுத்த படமும் வந்திருக்கிறது, தனியாகத்தான் போனேன் என்று எழுதியிருக்கிறாய். பக்கத்து வீட்டு ரத்தினம்மா படத்தைப் பார்த்துவிட்டு, "கோபுரம் நல்லாத்தான் இருக்கு லா அக்கா, ஆனா உங்க மவன் கடலையா பாக்குறான்? படம் புடிக்கிற ஆளைப் பாத்துல்ல பல்லைக் காட்டுறான்" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வழியில் போனவர் எடுத்தார் என்பாய். உன் நெற்றி விபூதியுமா வழியில் போனவர் பூசியது? நீயே பூசினால் இடப்பக்கம் தடித்து வலப்பக்கம் தேயும். படத்தில் வலப்பக்கம் தடித்திருக்கிறது. அது எதிரே நின்று பூசிய கை. பத்து வயது வரை அப்படிப் பூசிவிட்டவள் நான், எனக்குத் தெரியாதா?

செம்பவாங் வேலாயுதம் தன் மகள் கமலாவுக்கு உன்னைக் கேட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறார். சண்டைக் காலத்தில் உன் அப்பாவை சயாமில் ரயில் பாதை போட லாரியில் ஏற்றிப்போனவர்கள் எந்த ஊர்க்காரர்கள் என்பதும் உனக்குத் தெரியும். மூன்று வெள்ளிக்கிழமை அம்மன் முன்னால் உட்கார்ந்து கேட்டேன், ஒன்றும் தெளியவில்லை. ஆனால் அந்த விபூதியில் ஒரு துளிகூடப் புருவத்தில் சிந்தவில்லை, அதையும் பார்த்தேன். நேற்று வேலாயுதத்திடம், "எங்களுக்காகக் காத்திருக்காதீங்க, புள்ளைக்கு வேற இடம் பாருங்க" என்று சொல்லிவிட்டேன். இதைச் சம்மதம் என்று எண்ணிவிடாதே. பொய்யை நம்பி இன்னொருத்தி பெண்ணைக் காக்க வைக்க எனக்கு மனசில்லை, அவ்வளவுதான்.

குளிரில் காதை மூடிக்கொள். நோய் நொடி அண்டாமல் அம்மன் காப்பாள். மறக்காமல் ஒன்று செய்: கோபுரத்தை விட்டுவிட்டு, படம் எடுத்தவளை உன் பக்கத்தில் நிறுத்தி ஒரு படம் அனுப்பு. முகத்தைப் பார்த்துவிட்டு நான் பேசுகிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
இரா. பூவம்மா