வலது பக்கத்து ஊசித் துளை

நீங்கள் போனபின் மடித்தே கிடந்த உங்கள் கறுப்புக் கோட்டை இன்று காலை தையற்காரர் மேசையில் விரித்ததும், பூச்சி உருண்டை வாசனையையும் மீறிக் கரிப்புகை எழுந்தது. வேலைக்கும் விசேஷத்துக்கும் உங்களுக்கு இந்த ஒரே கோட்டுதானே. நம் மகன் இப்போது தலவாக்கலையில் ரயில் கார்டாக இருக்கிறான். குளிருக்கு அப்பாவின் கோட்டுதான் வேண்டுமாம்.

"நெஞ்சுல ரெண்டு பக்கமும் ஓட்டை இருக்குங்கம்மா. அடைச்சிரட்டுங்களா?" என்றார் தையற்காரர்.

இடது பக்கத்துத் துளைகள் உங்கள் மெடல் குத்திய இடம். ரயில்வே தொண்டர் படையில் வருஷக்கணக்காகக் காக்கி உடுத்து நடந்ததற்குக் கிடைத்த, இங்கிலாந்து ராஜாவின் தலை பொறித்த சேவை மெடல். அது கைக்கு வந்தபோது நாடு சுதந்திரம் அடைந்திருந்தது. நீங்கள் ஓட்டிய எஞ்சினில் கரி அள்ளிப்போட்ட ஃபயர்மேன் சந்தனம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"ராசா கப்பலேறிட்டாரு. தலைய மட்டும் அண்ணன்கிட்ட விட்டுட்டுப் போயிட்டாரு!"

நீங்கள் வயிறு குலுங்கச் சிரித்தீர்கள். நான் சிரிக்கவில்லை. விசேஷங்களுக்குப் போகும்போது அதை இடது மார்பில், கோணாமல் நானே குத்தி அனுப்புவேன். "படையில ஒரு பெரட்டு, வீட்டுல கான்வென்ட்டம்மா பெரட்டு" என்று, கான்வென்ட்டில் படித்த என்னைக் கேலி செய்து, அணிவகுப்பில் நிற்பதுபோல் நிமிர்ந்து நின்று சல்யூட் அடிப்பீர்கள்.

பிறகு வேலைநிறுத்தம் வந்தது. தொண்டர் படைக்காரர்கள் சீருடையில் வந்து வண்டி ஓட்ட வேண்டும் என்று உத்தரவு. சந்தனம் நம் வாசலில் வந்து நின்றான்.

"போகாதீங்கண்ணே. போனா நம்ம ஆளுக என்ன சொல்லுவாங்கன்னு தெரியும்ல?"

தெரியும். ஆனால் தோட்டங்களில் அரிசி தீர்ந்துகொண்டிருந்தது. நீங்கள் படை அதிகாரியிடம் போய், "அரிசி வண்டிய ஓட்டுறேன் சார். தொரமாரு ஏறுற வண்டிய ஓட்ட மாட்டேன்" என்றீர்கள். நிபந்தனை போட்டதற்காக உங்கள் சார்ஜன்ட் பட்டியைப் பறித்துக்கொண்டு அரிசி வண்டியைக் கொடுத்தார்கள். நாவலப்பிட்டியிலிருந்து அட்டனுக்கு அதை மலையேற்றிக்கொண்டு வந்தீர்கள். அன்றைக்கும் நீங்கள் செய்தது சரி என்றேன். இன்றைக்கும் அதையே சொல்கிறேன்.

வேலைநிறுத்தம் முடிந்ததும் சந்தனம் வேறு எஞ்சினுக்கு மாறிப் போனான். "கருங்காலி வர்றாரு, வழி விடுங்கடா" என்று பிளாட்பாரத்தில் உங்கள் காதுபடவே சொன்னார்கள். மெடலை அலமாரிக்குள் வைத்துவிட்டீர்கள்.

"தப்பு செஞ்சவங்கதான் ஒளிச்சு வைப்பாங்க," என்று சண்டை பிடித்தேன்.

"தப்பு செய்யல. ஆனா சம்பளமில்லாம அவங்க வயிறும் காஞ்சுச்சு. அவங்க முன்னால இத மினுக்கிக்கிட்டு நடக்க மாட்டேன்."

அலமாரிக் கதவை நானே சாத்தினேன். நான் அப்படி விட்டுக்கொடுப்பது அபூர்வம்.

நீங்கள் ஓய்வு பெற்ற நாளில் அட்டன் ஸ்டேஷனில் பிரியாவிடை. உங்களுக்குத் தெரியாமல் மெடலைக் கைப்பையில் கொண்டுவந்தேன். எல்லார் முன்னாலும் நானே குத்திவிட வேண்டும் என்ற பிடிவாதம். பையைத் திறக்குமுன் சந்தனம் வந்து நின்றான். அவனும் அப்போது டிரைவர், தலையில் நரை.

"மெடல் எங்க அண்ணி?"

கொடுத்தேன். அவன் உங்கள் கோட்டருகே குனிந்தான். "எங்கக்கா இருக்கிற தோட்டத்து லயத்துல அன்னிக்கு வெந்ததும் அந்த அரிசிதாண்ணே," என்று மெல்லச் சொல்லிக்கொண்டே குத்தினான். வலது பக்கத்தில். அதுவும் கோணலாக.

"இடது பக்கம், தம்பி," என்றேன்.

அவன் பதறிக் கழற்றப் போனான். நீங்கள் அவன் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். "இருக்கட்டும்டா. கான்வென்ட்டம்மாவுக்கு இன்னிக்கு லீவு."

அன்று வீடு வரை மெடல் வலது பக்கத்திலேயே தொங்கியது. நான் கைவைக்கவில்லை.

தையற்காரரிடம் சொன்னேன்: "இடது பக்கத்த அடைங்க. வலது பக்கத்தத் தொடாதீங்க."

"பார்க்க நல்லா இருக்காதேம்மா?"

"இருக்கட்டும்," என்றேன். உங்கள் சொல். என் வாயில் அது இத்தனை சுலபமாக வரும் என்று நீங்கள் நம்பியிருக்கமாட்டீர்கள்.