வெறுங்கையின் அளவு

ஐப்பசி, வியாழன் இரவு.

நாளைக் காலை ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வளைகாப்பு. வருகிறவர்களுக்குக் கொடுக்க, சாவியைக் கோத்து மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளும் துணிப்பட்டைகளை நான்தான் தைத்தேன். இன்று கொண்டுபோனதும் பெண்ணின் அம்மா ஒன்றை மாட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, வளையல்ல முட்டி நிக்குதே! நாளைக்கு அம்புட்டுப் பேரும் கை நெறைய வளையலோடல்ல நிப்பாக?"

எங்கள் கிறிஸ்தவ சபையில் பெண்கள் வளையல் போடுவதில்லை. என் வெறுங்கையில் அளவெடுத்துவிட்டேன். அத்தனையையும் ராஜபாளையத்துக்கே திரும்பத் தூக்கி வந்தேன். பட்டையின் இரு முனைகளையும் கவ்வியிருக்கும் இரும்புக் கிளிப்பைப் பிரித்தால் துணி கிழிகிறது. விடிவதற்குள் என்ன செய்வேன்?

அளவு பார்க்கப் பக்கத்து வீட்டு அக்காவின் கண்ணாடி வளையல்களை மாட்டினேன். கழலவில்லை. சோப்புப் போட்டும் பார்த்துவிட்டேன். என் வீட்டுக்காரர் ஜெபக்கூட்டம் முடிந்து வரும் நேரம். உடைத்துவிடலாம்தான். நாளைக்கு வளைகாப்பை வைத்துக்கொண்டு வளையலை உடைக்கக் கை வரவில்லை.