கழுத்தைத் திருப்பு

மார்ச் 4

அன்புள்ள வாலுவின் அம்மாவுக்கு,

நலம்தானே? வாலு பள்ளிக்கு ஒழுங்காகப் போகிறாளா? கையெழுத்து என்னைப் போலக் கோழி கிண்டியதா, உன்னைப் போல அழகா?

விவாகரத்துக்குப் பிறகு உன்னிடம் நான் எதுவும் கேட்டதில்லை. இப்போது ஓர் உதவி. எனக்கு மறுமணம் பேசியிருக்கிறார்கள். பெண் மருந்துக் கடை வைத்திருக்கிறாள். நல்ல மாதிரி. அவள் அண்ணன்தான் குடைகிறார்: "முதல் குழந்தைக்குக் கண்ணுல ஏதோ கோளாறாமே? யார் பக்கத்துலேருந்து வந்துச்சு?"

நடந்ததைச் சொன்னேன். கர்ப்பமாக இருக்கும்போது காய்ச்சலுக்கு நீ மாத்திரை போட்டாய், அதனால்தான் வாலுவின் இடது கண் வெளிப்பக்கம் திரும்புவதில்லை என்று. அதை நீயே நான்கு வரி எழுதிக் கொடுத்தால் அவர் வாயை அடைக்கலாம். எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தானே. உனக்குப் புதிதாக என்ன குறைந்துவிடப் போகிறது?

வாலுவுக்கு முத்தங்கள்.

மாஸ்டர்

*

மார்ச் 11

மாஸ்டருக்கு,

நலம். அச்சகத்தில் மதிய இடைவேளை. பிழை திருத்த வேண்டிய மெய்ப்புத் தாள்களை ஒதுக்கிவிட்டு எழுதுகிறேன்.

எனக்கு எதுவும் குறையாது. உண்மைதான். வாலு பிறந்த பிறகு உங்கள் வீட்டில் எனக்குப் பெயரே இல்லை. "மாத்திரைக்காரி." உங்கள் அம்மா சொல்வார், நீங்கள் சிரிப்பீர்கள். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை. மறக்க முயன்றதும் இல்லை.

போன மாதம் வாலுவைப் புதிய கண் மருத்துவரிடம் காட்டினேன். காகிதத்தில் வரைந்து காட்டினார். கண்ணை வெளிப்பக்கம் இழுக்க ஒரு தசை. அதற்கென்று ஒரு நரம்பு வளர்ந்து வர வேண்டும். வாலுவுக்கு அது வரவில்லை. காலியாகக் கிடந்த தசைக்குள், கண்ணை உள்பக்கம் இழுக்கும் நரம்பின் கிளை ஒன்று புகுந்துகொண்டது. மூக்குப் பக்கம் பார்த்தால் இரண்டு தசையும் ஒன்றாக இழுக்கும். கண் அமுங்கும். இமை சுருங்கும்.

"இது எப்ப ஆச்சு டாக்டர்?"

"ரெண்டாவது மாசம் முடியறதுக்குள்ள. கரு அவரை விதை அளவுதான் இருக்கும்."

"எனக்குக் காய்ச்சல் வந்தது ஏழாவது மாசத்துல."

"அப்ப எல்லாம் முடிஞ்சு போச்சேம்மா. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

பிறகு கேட்டார்: "பெரும்பாலும் இது குடும்பத்துல ஒருத்தருக்குத்தான் வரும். சில வீட்டுல மட்டும் வழிவழியா வரும். வீட்டுல வேற யாராவது பக்கவாட்டுல பார்க்கக் கழுத்தைத் திருப்புவாங்களா?"

நான் சிரித்துவிட்டேன், மாஸ்டர்.

உங்கள் ஓட்டுநர் பள்ளிச் சுவரில் என்ன எழுதியிருக்கிறது? 'கண்ணை நம்பாதே, கழுத்தைத் திருப்பு.' இடப்பக்கக் கண்ணாடியைப் பார்க்க முழுக் கழுத்தையும் திருப்ப வைப்பீர்கள். வேறெந்தப் பள்ளியிலும் இப்படி இல்லை. நானும் உங்களிடம்தான் கற்றேன். கழுத்து வலியோடு காதலும் வந்தது. கல்யாணப் புகைப்படக்காரர் "மாப்பிள்ளை, நேரா பாருங்க" என்று உங்கள் தாடையைத் தொட்டுத் தொட்டு அலுத்துப்போனார்.

யாரையாவது தாடையைப் பிடிக்கச் சொல்லுங்கள். தலை அசையாமல் இடப்பக்கம் பாருங்கள். பிறகு எழுதுங்கள். நான்கு வரியை அப்புறம் பேசலாம்.

உங்கள் பழைய மாணவி

*

மார்ச் 19

வாலுவின் அம்மாவுக்கு,

மெக்கானிக்கைப் பிடிக்கச் சொன்னேன். வலது கண் இடப்பக்கம் திரும்பியது. இடது கண் நடுவிலேயே நின்றது. "மாஸ்டர், ஒரு கண்ணு ஜாம் ஆயிடுச்சு" என்று சிரித்தான். அவனை வேலையை விட்டு அனுப்பிவிட்டேன்.

இத்தனை வருடம் யாரும் கண்டுபிடிக்கவில்லை. இனியும் தெரிய வேண்டாம். உனக்கு அந்தப் பெயர் ஏற்கெனவே பழகிவிட்டது. எனக்குப் புதிதாக ஒன்று வேண்டாம். நான்கு வரி எழுதி அனுப்பு. கெஞ்சிக் கேட்கிறேன்.

மாஸ்டர்

*

மார்ச் 27

மாஸ்டருக்கு,

உங்கள் கடிதத்தில் ஒரு சொல்லைத் தேடினேன். மெய்ப்புத் திருத்துபவள் கண்ணில் விடுபட்டதுதான் முதலில் படும். மன்னிப்பு.

நேற்று வாலுவோடு, உங்களுக்குப் பேசியிருக்கும் பெண்ணின் மருந்துக் கடைக்குப் போனேன். கூட்டம் குறையும்வரை இருமல் மருந்துகளைப் பார்த்தபடி நின்றோம். யார் என்று சொன்னதும் அவர் முகம் இறுகியது.

"மாத்திரை சாப்பிட்டது நீங்கதானா?"

"ஆமா."

"என்ன மாத்திரை? எந்த மாசம்?"

என்னிடம் இதைக் கேட்ட முதல் ஆள் அவர். சொன்னேன்.

"இதையா? டாக்டர் சீட்டோட வர்ற கர்ப்பிணிங்களுக்கு நானே தினமும் குடுக்கறேனே."

மருத்துவர் சொன்னதையும் சொன்னேன். இடப்பக்க அலமாரியைப் பார்க்க வாலு கழுத்தைத் திருப்பினாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவரும் என்னை இப்படித்தான் பார்ப்பாரு. ஸ்டைலுன்னு நெனச்சேன்க்கா."

"நானும்தான்."

கல்யாணத்தை நிறுத்தச் சொல்லவில்லை. அந்தக் கண்ணைக் குறை என்றும் சொல்லவில்லை. என் மகளின் கண் அது. தாடையை எப்படிப் பிடிப்பது என்று மட்டும் சொல்லிக்கொடுத்தேன். உங்களுக்கு இன்னொரு குழந்தை பிறந்தால் இந்தக் கண் வரலாம், வராமலும் போகலாம். வழிவழியாக வரும் வீட்டில் பாதிக்குப் பாதி என்றார் மருத்துவர். வந்தால், இன்னொரு மாத்திரைக்காரி உங்களுக்குக் கிடைக்க மாட்டாள். அது போதும் எனக்கு. நன்றாகத் தூங்கினேன்.

திரும்பும்போது வாலு கேட்டாள்: "அப்பா கண்ணும் என் கண்ணும் ஒண்ணாம்மா?"

"ஆமா."

"அப்ப ஏன் உன்னைத் திட்டினாங்க?"

உங்களையே கேட்கச் சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அழைத்து வருகிறேன். உங்கள் இடப்பக்கம்தான் அவளை உட்கார வைப்பேன்.

கழுத்தைத் திருப்பிப் பதில் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
முன்னாள் மாத்திரைக்காரி